கல் பழையது, வலி புதியது

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வழியில்லை. நீ அடுத்த அறையில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாய். உன் நலம் குறட்டையிலேயே தெரிகிறது. அப்பா உனக்குப் பெட்டி வாங்கத் தேரா கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார். இங்கே முவைலாவில் பத்துக் கடை இருந்தாலும் பெட்டி என்றால் தேராவில்தான் வாங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதைத் தட்டிக் கேட்டவருக்கு இந்த வீட்டில் நிம்மதி இருந்ததில்லை. அவர் பேரம் பேசித் திரும்ப மாலையாகிவிடும். அதற்குள் இதை எழுதி உன் சட்டைகளுக்கு நடுவில் வைத்துவிட நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ தோஹா போகிறாய். அங்கே நஜ்மாவில் ரூம் பார்த்தாகிவிட்டது. அவசர சிகிச்சைப் பிரிவில் டூட்டி. என் மகன் டாக்டர் என்பது எங்கள் பில்டிங் வாட்ச்மேன் முதல் கீழே இருக்கும் சலூன்காரர் வரை தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை, எல்லாம் உன் அப்பாவின் விளம்பரம்.

நீ ஹாஸ்டலில் இருந்து கடைசி வருஷப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது அப்பாவுக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். இந்த வரியை நீ இரண்டு தடவை படிப்பாய் என்று தெரியும். படி. ஆபரேஷன் நடந்தது நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில்தான். "பையன்கிட்ட மூச்சு விடக்கூடாது, பரீட்சை முடியட்டும்" என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கினார். பரீட்சை முடிந்தது, ரிசல்ட் வந்தது, லைசென்ஸும் வந்தது. சத்தியத்தை வாபஸ் வாங்க மட்டும் அவருக்கு மறந்துவிட்டது. நானே இப்போது அதை முடித்துக்கொள்கிறேன். பழைய வியாதிக் கதை சொல்லி உன்னை அழவைக்க எழுதவில்லை. அன்றைக்கு ஒரு சொல்லால் உன் அப்பாவின் உயிர் ஊசலாடியது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்த மாதிரிச் சொற்கள் உன் கையில் இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

என் வேலையை நீ "நம்பர் போடுற வேலை" என்பாய். தப்பில்லை. டாக்டர் எழுதி வைத்ததைப் படித்து அந்த நோய்க்கு உரிய எண்ணைப் போடுவதுதான் மெடிக்கல் கோடிங். அந்த எண்ணைப் பார்த்துத்தான் இன்ஷூரன்ஸ்காரர்கள் தலையாட்டுவார்கள், அல்லது கையை விரிப்பார்கள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பித்தப்பைகள் என்னைக் கடந்து போயிருக்கின்றன, ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. டாக்டர் எழுதாதது எங்களைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. நோயாளிக்குக் காய்ச்சல் கொதித்தாலும், ஸ்கேனில் பித்தப்பை பலூன் மாதிரி வீங்கியிருந்தாலும், அவற்றைப் பார்த்து நோயின் பெயரை நாங்களே முடிவு செய்யக்கூடாது. டாக்டர் பெயர் சொல்ல வேண்டும், நாங்கள் எண் போட வேண்டும். பித்தப்பையில் கல்லும் அழற்சியும் சேர்ந்து வந்தால் கே எண்பது. புள்ளிக்குப் பிறகு பூஜ்யம் வந்தால் திடீரென்று வந்தது, அக்யூட். ஒன்று வந்தால் அநேகமாக நாள்பட்டது, க்ரானிக். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் அன்றைக்கு உன் அப்பா படுத்திருந்தார்.

நடந்ததைச் சொல்கிறேன். அப்பா அப்போதுதான் பழைய கம்பெனியை விட்டுப் புதிய கம்பெனியில் ஃபோர்மேனாகச் சேர்ந்திருந்தார். புது விசா, புது இன்ஷூரன்ஸ் கார்டு. ஏற்கெனவே உடம்பில் இருந்த நாள்பட்ட நோய்களுக்கு முதல் சில மாதம் அந்தக் கார்டு செல்லாது, திடீர் அவசரத்துக்கு மட்டும் செல்லும். ஒரு நாள் சாயங்காலம் அவர் ஆட்கள் தங்கியிருக்கும் கேம்ப்பில் யாரோ ஊருக்குப் போகிறார் என்று விருந்து. பொரித்த ஆட்டுக்கறியை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்து, வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "அட சும்மா இரு. வாய்வு. கறிய அம்புட்டுத் தின்னுருக்கப்படாது" என்றார். ஓமத்தண்ணி கேட்டார், கொடுத்தேன். நம் ஆட்களுக்கு நெஞ்சு வலியும் வாய்வுதான், பித்தப்பை வலியும் வாய்வுதான். டூட்டியில் நீ நாள் முழுக்க இந்த வார்த்தையைக் கேட்கப் போகிறாய். கேட்டதும் ஒரு மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடாதே.

மறுநாள் காலையில் சைட்டுக்குப் போனவர் அங்கேயே மடங்கி உட்கார்ந்துவிட்டார். கூட வேலை பார்க்கும் சேகர் அங்கிள்தான் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தது. அங்கிளுக்கு வாய் ஓயாது, உனக்கே தெரியும். அப்பாவுக்குப் பித்தப்பையில் ஒரு கல் இருப்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மூன்று வருஷம் முன்னால் லீவில் ஊருக்குப் போனபோது வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் அது தெரிந்தது. அன்றுவரை அது அவரை ஒரு நாள்கூடத் தொந்தரவு செய்ததில்லை. வழி முழுக்க அங்கிள் "கல்லுதான்ணே, அந்தக் கல்லுதான் வேலையக் காட்டுது" என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். எமர்ஜென்சிக்குள் நுழையும்போது உன் அப்பாவின் மனசில் கல்லைத் தவிர வேறொன்றும் இல்லை.

அங்கே இருந்தவர் ஒரு வடக்கத்தி டாக்டர், உன் வயதுதான் இருக்கும். நல்ல பையன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு ஹிந்தியில் கேட்டிருக்கிறார்: "தர்த் கல் சே ஹை?" வலி நேற்றிலிருந்தா? அப்பா அதை எப்படிக் கேட்டார் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வலி கல்லாலயா? "ஹா சாப். கல் புரானா ஹை. தீன் சால் ஹோ கயா" என்றார். கல் பழசு, மூணு வருஷம் ஆச்சு. டாக்டர் காதில் விழுந்தது: பழைய வலி, மூன்று வருஷம். உன் அப்பாவுக்கு ஹிந்தி தெரியாமல் இல்லை. சைட்டில் ஆட்களைப் பார்த்து "கல் ஆவோ, கல் ஆவோ" என்று தினம் நூறு தடவை சொல்கிறவர்தான், ஹிந்தியில் நேற்றும் கல்தான், நாளையும் கல்தான். ஆனால் யானைக்கும் அடி சறுக்கும். வலியில் துடிக்கும்போது எந்த மொழியில் கேள்வி வந்தாலும் காது அவரவர் மொழியில்தான் கேட்டுக்கொள்கிறது. டாக்டர் சந்தேகமில்லாமல் எழுதினார்: மூன்று வருஷமாக வயிற்றுவலி, ஸ்கேனில் கல், க்ரானிக் அழற்சி.

எனக்கு இதெல்லாம் தெரியாது. அங்கிள் போன் செய்து நான் மேலே ஓடி வந்தபோது அப்பாவுக்கு ஊசி போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். உதடு காய்ந்திருந்தது, உடம்பு சுட்டது. இன்ஷூரன்ஸ் கவுண்டரில் இருந்த பிலிப்பினோ பெண் என்னைப் பார்த்ததும் முகத்தைத் தாழ்த்திக்கொண்டு இங்கிலீஷில் சொன்னாள்: "மேடம், அப்ரூவல் ரிஜெக்ட் ஆயிடுச்சு. க்ரானிக்னு இருக்கு, பழைய நோயாம்." எத்தனை ஃபைலில் அந்த வார்த்தைக்கு நானே எண் போட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது என் வீட்டு ஃபைலில் வந்தது. பணம் கட்டுவது ஒருபக்கம் இருக்கட்டும், பிரச்சினை அது மட்டுமில்லை. க்ரானிக் என்று எழுதியதால் யாருக்கும் அவசரம் இல்லை. சர்ஜன் தியேட்டரில் இருந்தார். க்ரானிக் கேஸ் ஒன்று கீழே இருக்கிறது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள், பிறகு வந்து பார்க்கிறேன் என்றுவிட்டார். அவர்மேல் தப்பில்லை, என்னிடம் அப்படிச் சொன்னால் நானும் அதையே சொல்வேன்.

அங்கிள் அதற்குள் இரண்டு யோசனை தயாராக வைத்திருந்தார். "அண்ணி, நாளைக்கு ஃப்ளைட்ட போட்டு ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவோம். அங்க எடுத்துக்கலாம்" என்றார். அந்த உடம்போடு விமானத்தில் ஏற்றினால் வழியிலேயே உள்ளே வெடித்துவிடலாம் என்றேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "அப்படின்னா நீங்க இங்கதானே வேல பாக்குறீங்க. கம்ப்யூட்டர்ல அந்த எழுத்த மாத்திப்புடுங்க. கல்லு இருந்ததே தெரியாதுன்னு அண்ணன சொல்லச் சொல்லுங்க. கலாஸ், முடிஞ்சுச்சு." பாசத்தில் சொன்னதுதான். ஒரு நிமிஷம் எனக்கும் ஆசை வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சொந்தக்காரர் ஃபைலை நாங்கள் திறக்கவே கூடாது. திறந்தால் யார், எப்போது என்று கம்ப்யூட்டரே காட்டிக்கொடுக்கும். வேலை போவது இருக்கட்டும். கல்லே இல்லை என்று பொய் சொல்லிவிட்டு, ஊரில் எடுத்த பழைய ஸ்கேன் எங்காவது வெளியே வந்தால், அப்புறம் அவர் சொல்கிற உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த கதையாகிவிடும்.

என்னோடு கோடிங்கில் இருக்கும் ஷைனி என்னைத் தேடி வந்தாள். கோட்டயத்துக்காரி. "சேச்சி, நீங்க ஃபைல் தொடண்டா. ஞான் நோக்காம்" என்றாள், நான் தொட வேண்டாமாம், அவளே பார்ப்பாளாம். அவள் ஃபைலைப் படித்தாள், பொருந்தவில்லை. காய்ச்சல் இருக்கிறது, ரத்தத்தில் வெள்ளணுக்கள் ஏறியிருக்கின்றன, ஸ்கேனில் பித்தப்பைச் சுவர் தடித்து அதைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது, பெயர் மட்டும் க்ரானிக். இந்த மாதிரி இடத்தில் கோடர் டாக்டருக்கு ஒரு கேள்வி அனுப்பலாம், ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு. கேள்விக்குள் பதிலை ஒளித்து வைக்கக்கூடாது. "இது அக்யூட்தானே டாக்டர்?" என்று கேட்டால் அது கேள்வி இல்லை, டாக்டர் வாயில் வார்த்தையைத் திணிப்பது. இன்னின்ன ஃபைலில் இருக்கின்றன, நோயின் நிலையைத் தெளிவுபடுத்துங்கள் என்று மட்டும் கேட்க வேண்டும். ஷைனி அப்படித்தான் அனுப்பினாள். டாக்டர் அப்போது வேறொரு விபத்துக் கேஸில் இருந்தார், பதில் வரவில்லை.

நான் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "டாக்டர் உங்ககிட்ட என்ன கேட்டாரு? அவர் சொன்னத அப்படியே சொல்லுங்க" என்றேன். "கல்லப் பத்திக் கேட்டாரு. 'தர்த் கல் சே ஹை'ன்னாரு. ஆமாய்யா, பழைய கல்லு, மூணு வருசமாச்சுன்னேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது தம்பி. இவருக்கு உள்ளே அழுகிக்கொண்டிருக்கிறது, எனக்குச் சிரிப்பு வருகிறது. நேற்று, கல், மூன்று வருஷம். அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

வெளியே வந்து டாக்டருக்காகக் காத்திருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அக்யூட் என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் அவர் எழுதிக்கூடக் கொடுத்திருப்பார், ஆனால் அது என் வார்த்தையாக இருந்திருக்கும். கோடர் மனைவி சொல்லி டாக்டர் மாற்றினார் என்று நாளைக்கு யாராவது சொன்னால் நிற்காது. விழுங்கிக்கொண்டு, "டாக்டர், நான் அவர் மனைவி. வலி எப்போது ஆரம்பித்தது என்று அவரிடம் இன்னொரு தடவை கேட்பீர்களா? ஹிந்தியில் வேண்டாம். தமிழ் தெரிந்த சிஸ்டர் யாராவது இருந்தால் அவர் மூலமாக" என்று மட்டும் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "சரி" என்றார். ஒரு டாக்டரின் தகுதி எனக்கு அந்த ஒரு "சரி"யில் தெரிந்தது. நான் திரைக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டேன்.

நாகர்கோவில் சிஸ்டர் ஒருத்தியைக் கூட்டி வந்தார்கள். "அண்ணே, வலி எப்பத்துல இருந்து இருக்கு?" என்று அவள் கேட்டாள். அப்பா, "நேத்து சாயங்காலத்துல இருந்துதான் தாயி" என்றார். "அப்ப மூணு வருசம்னு சொன்னீங்களாமே?" என்றாள். "அது கல்லுக்கும்மா. கல்லு பழசு. வலி புதுசு." அவள் அதை, தமிழில் கல் என்றால் என்ன என்பதையும் சேர்த்து, டாக்டருக்குச் சொன்னாள். பிறகு டாக்டர் "கல்!" என்று தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டது திரைக்கு வெளியே கேட்டது. உடனே உட்கார்ந்து எழுதினார். முதலில் எழுதியதை அழிக்கவில்லை, அழிக்கவும் முடியாது. அதற்குக் கீழே நேரம் போட்டுத் தன் பெயரையும் போட்டு, மொழிபெயர்ப்பாளர் மூலம் மறுபடி விசாரித்ததில் வலி நேற்று மாலை தொடங்கியது என்றும், கல் மூன்று வருஷம் முன்பே தெரிந்தது என்றும் தனித்தனியாக எழுதி, அக்யூட் என்று முடித்தார். நீயும் தப்பாக எழுதுவாய். எழுதாத டாக்டர் இன்னும் பிறக்கவில்லை. எழுதும்போது பழையதை மறைக்காமல் பக்கத்திலேயே சரியானதை எழுது. வீட்டிலும் அப்படி இருந்தால் நல்லது. உன் அப்பா சண்டை போட்டால் மறுநாள் சண்டையே நடக்காத மாதிரி டீ கேட்பார், எனக்கு இன்னும் பழகவில்லை.

அதன் பிறகு எல்லாம் ஓட்டம்தான். சர்ஜன் வந்தார், ஒரு அழுத்து அழுத்தினார், இன்றைக்கே என்றார். அப்ரூவலும் வந்தது. சாயங்காலம் எடுத்தார்கள். ஒரு பக்கம் கறுக்க ஆரம்பித்திருந்ததாம். ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார் என்று சர்ஜன் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கேஸுக்குப் போய்விட்டார். அது வேறு யாருடைய ஃபைலாகவோ என்னிடம் வந்திருந்தால் முதலில் எழுதியிருந்ததைப் பார்த்து நானும் ஒன்று என்று போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கலாம் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் நீ போன் செய்தாய். உனக்கு நினைவிருக்காது, நினைவில் வைக்கும்படி அதில் ஒன்றும் இல்லை. அப்பா வயிற்றில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடக்கூடாது என்றிருந்தார்கள். நான்தான் போனை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். "அப்பா, நல்லா இருக்கீங்கள்ல? சாப்ட்டீங்கள்ல?" என்று கேட்டாய். "ஆமாப்பா, நல்லா இருக்கேன். சாப்ட்டேன்" என்றார். "ஓகேப்பா, பை" என்று வைத்துவிட்டாய். எனக்கு உன்மேல் கோபம் வந்தது. எதுவும் தெரியாத பிள்ளைமேல் கோபப்படுவது நியாயமில்லை என்று தெரிந்தும் வந்தது. பதிலையும் நீயே சேர்த்துச் சொல்லிவிட்டாய், ஆமாம் என்பதைத் தவிர அவருக்கு நீ எதையும் மிச்சம் வைக்கவில்லை. அவருக்கு அதெல்லாம் தோன்றவில்லை. என் பக்கம் திரும்பி, "பரீட்சைக்கு நடுவுலயும் மறக்காமக் கேட்டான் பாத்தியா" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

இவ்வளவு எழுதியும் வலி எப்படி இருந்தது என்று நான் எழுதவில்லை. எனக்குத் தெரியாது. வாய்வு என்றதற்கு மேல் என்னிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பயந்தாரா, உன்னைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதா, அதுவும் தெரியாது. அவர் வயிற்றில் நான்கு சின்னத் தழும்புகள் இருக்கின்றன. நீ வீட்டில் இருக்கும்போது அவர் ஏன் பனியனைக் கழற்றுவதில்லை என்று நீ யோசித்திருக்க மாட்டாய். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து முன்பின் தெரியாத ஆட்களின் வயிற்றில் கை வைக்கப் போகிறாய். அதற்கு முன்னால் அவர் பக்கத்தில் ஒரு தடவை உட்கார். "என்னப்பா ஆச்சு?" என்று கேள். கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை நீ ஒன்றும் சொல்லாதே.

அம்மா